கெண்டித் தண்ணீரில் பிறக்கும் கூர்மை

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “நண்பர் காத்மாண்டு போகிறார். நேபாளத்து வளைந்த கத்தியான குக்ரி ஒன்று வாங்கி வரச் சொல்லப்போகிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும்? வாங்கிய பிறகு எப்படி வைத்துக்கொள்வது?”

முதலில், நண்பரைச் சின்ன அரம் ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள். அரத்தைக் குக்ரியின் வெட்டுவாயில் லேசாக இழுத்தால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அதே கத்தியின் முதுகில் இழுத்தால் கடிக்க வேண்டும். இரண்டு இடத்திலும் கடித்தால் அது சுவரில் மாட்டுகிற சாமான். இரண்டிலும் வழுக்கினால் கத்தி முழுக்க ஒரே விறைப்பு. ஓங்கி வெட்டும்போது ஒடியலாம். நல்ல குக்ரி என்பது ஒரே இரும்பில் இரண்டு குணம். அந்த இரண்டு குணத்தையும் கொல்லர் உண்டாக்குகிற விதம்தான் இதில் மிக அழகான விஷயம்.

குக்ரிக்குப் பெரும்பாலும் எடுப்பது பழைய லாரி, ஜீப்புகளின் ஸ்பிரிங் பட்டை. நம் ஊர்ப் பட்டறைகளில் அருவாளுக்கும் அதுதானே! பரவலாகக் கிடைக்கும் 5160 ரக எஃகில் கார்பன் சுமார் 0.6 சதவீதம், குரோமியம் 1 சதவீதத்துக்கும் குறைவு. முதல் எண் கூர்மைக்கு; இரண்டாவது துருவுக்கு, அதற்குப் பிறகு வருவோம். எஃகை 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சினால் கார்பன் இரும்புக்குள் கரைகிறது. மெல்ல ஆறவிட்டால் கார்பன் பிரிந்து இரும்பு மிருதுவாகிவிடும். சட்டென்று குளிரவைத்தால் கார்பனுக்கு வெளியேற நேரமில்லை. அணு அடுக்கின் நடுவே சிக்கிக்கொண்டு அதை விறைக்கவைக்கிறது. இந்த விறைத்த வடிவத்துக்கு மார்ட்டென்சைட் என்று பெயர். கடினமானது, ஆனால் அடி தாங்காது.

இந்த ரக எஃகை எண்ணெயில்தான் தோய்க்க வேண்டும் என்பது பாடப்புத்தக விதி. பழுக்கக் காய்ந்த கத்தியை அப்படியே தண்ணீரில் முக்கினால் விரிசல் விடும் வாய்ப்பு அதிகம். காரணம், மார்ட்டென்சைட் ஆகும்போது எஃகு கொஞ்சம் விரிகிறது. மேற்புறம் முழுக்க முதலில் விறைத்துவிட்டால், உட்புறம் பிறகு விரியும்போது அந்த விரிவுக்கு இடம் கொடுக்க எதுவும் மிச்சமில்லை.

நேபாளத்துக் கொல்லர் தண்ணீரைத்தான் எடுக்கிறார், ஆனால் முக்குவதில்லை. மூக்கு நீண்ட தேநீர்க் கெண்டியைச் சாய்த்து, வெட்டுவாய் மீது மட்டும் மெல்லிய தாரையாக ஊற்றுகிறார். தாரை வயிற்றுப் பக்கம் அதிக நேரம் நின்று, முனைக்கும் பிடிக்கும் போய்ப் போய் வருகிறது. ஓரம் கறுத்து விறைத்துவிட்ட பிறகும் முதுகு சிவந்துதான் கிடக்கும். சிவந்த முதுகு வளைந்துகொடுக்கும் நிலையில் இருப்பதால் ஓரத்தின் விரிவுக்கு ஈடு கொடுக்கிறது, விரிசல் தப்புகிறது.

ஊற்றுவதில் இன்னொரு லாபமும் உண்டு. நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடுவது போல, பழுத்த இரும்பைத் தொட்ட தண்ணீரும் ஆவிப்படலம் ஒன்றின் மேல் மிதக்கிறது. அந்தப் படலம் வெப்பத்தை எளிதில் கடத்தாத போர்வை. தண்ணீரில் முக்கி எடுக்கும் கத்தியில் இது ஓரிடத்தில் உடைந்து, ஓரிடத்தில் நின்று, குளிர்ச்சியைத் தாறுமாறாக்கும். கெண்டியின் தாரையோ விழுகிற வேகத்தில் படலத்தைக் கிழித்துக்கொண்டே போகிறது. கொல்லர் விரும்புகிற இடம் விரும்புகிற நேரத்தில் குளிர்கிறது.

பிறகு ஊற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார். முதுகில் மிஞ்சிய சூடு ஓரத்தை நோக்கித் திரும்பி நடக்கத் தொடங்கும். உரசிப் பளபளப்பாக்கிய பட்டையில் முதலில் வெளிர் மஞ்சள் (சுமார் 220 டிகிரி), அடுத்து பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம் (சுமார் 300 டிகிரி) வரிசையாக வரும். ஓரம் மஞ்சளைத் தொட்டதும் மறுபடி தண்ணீர். மார்ட்டென்சைட்டின் முரட்டுத்தனம் கொஞ்சம் தணிந்து கடினம் மட்டும் மிஞ்சுகிறது. இதுதான் தணிப்பு. உலை ஒன்று, கெண்டி ஒன்று, பழகிய கண் ஒரு ஜோடி. இதை முறையாக அளந்து பதிவுசெய்ய ஒரு உலோகவியல் துறையும் சில வெப்பமானிகளும் போதும். பெரிய பெயருள்ள திட்டங்களுக்குப் போகிற பணத்தில் சிதறும் சில்லறை. அந்தச் சில்லறைதான் கிடைப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் நகர முடியவில்லை. குக்ரி அடிப்பவர்கள் காமி சமூகத்தார். பலர் விஸ்வகர்மா என்ற குடும்பப் பெயர் வைத்துக்கொள்கிறவர்கள். 1854-ஆம் ஆண்டின் நேபாளச் சட்டத்தொகுப்பு இவர்களை, கையால் தண்ணீர் வாங்கக் கூடாத சாதிகளில் சேர்த்தது. 1963-இல்தான் அந்தச் சட்டம் போனது. தண்ணீர் ஊற்றும் கலையில் உலகத்துக்கே பாடம் சொல்லக்கூடியவர் கையில் தண்ணீர் வாங்க மாட்டேன் என்றால் அதை என்ன சொல்வது?

வாங்கும் விஷயத்துக்கு வருவோம். முதல் குக்ரிக்கு 23 முதல் 26 செ.மீ. நீள அலகு, 500 முதல் 600 கிராம் எடை போதும். முதுகு பிடிப் பக்கம் 7-8 மி.மீ. தடிமனாகத் தொடங்கி முனைக்குப் போகப் போக மெலிய வேண்டும். ஒரே தடிமனாக இருந்தால் தகட்டிலிருந்து வெட்டி எடுத்தது. காத்மாண்டின் தமேல் கடைத்தெருவில் கண்ணாடி போல மின்னுகிற, பித்தளைப் பூவேலை செய்த மலிவுக் கத்திகளில் பல ஒருமுறைகூடத் தோய்ச்சல் பார்க்காதவை. கிழக்கு நேபாளத்தின் போஜ்பூர், தரான் பட்டறைகளின் சரக்கா என்று கேட்டுப் பாருங்கள்.

பிடியில் இரண்டு வகை. ஒன்றில் அலகின் வால் பிடிக்குள் மறைந்து, லாகா எனும் அரக்குப் பசையில் நிற்கும். இன்னொன்றில் இரும்பு பிடியின் முழு நீளத்துக்கும் ஓடி, இரு பக்கமும் மரத்துண்டு ஆணியடித்து இறுக்கியிருக்கும். பின்னது உறுதி, ஆனால் வெட்டின் அதிர்வு நேரே கைக்கு வரும். முன்னது கைக்கு இதம். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் அரக்கு இளகிப் பிடி ஆடும். எருமைக்கொம்புப் பிடி பார்க்க அழகு, காய்ந்தால் வெடிக்கும், பூச்சியும் அரிக்கும். முதல் கத்திக்கு சிசம் (ஈட்டி வகை) மரமே நல்லது.

தீட்டுவதில்தான் அதிகம் பேர் கத்தியைக் கெடுக்கிறார்கள். சைக்கிள் சாணைக்காரரிடமோ கிரைண்டரிலோ கொடுத்தால் ஓரம் ஒரு நொடியில் நீலமாகும். நீலம் என்றால் 300 டிகிரி. கெண்டி தந்த கடினம் அங்கேயே போயிற்று. அது மீள வழி, மறுபடி உலைதான். கடினமான பகுதியே ஓரத்திலிருந்து ஏறத்தாழ ஒரு விரற்கடை அகலம். தேய்த்துத் தேய்த்து அதைத் தாண்டினால் மிச்சம் மெத்தென்ற இரும்பு.

குக்ரியின் ஓரம் தட்டையான சரிவு அல்ல, புடைத்த வளைவு. தட்டைக் கல் அந்தப் புடைப்பைக் கொன்றுவிடும். பழைய மவுஸ் பேடில் 400 எண் உப்புத்தாளை விரித்து, ஓரம் பின்னால் வரும்படி, 20 டிகிரிச் சாய்வில் இழுங்கள். பிறகு 800, 1500. ஓரத்தை முன்தள்ளி இழுத்தால் தாளைக் கிழிப்பதோடு கூரும் போகும். பிடிப் பக்கத்து உட்குழிவுக்குத் தாளை உருட்டுக்கட்டையில் சுற்றிக்கொள்ள வேண்டும். அடிப்பக்கத்து சோ எனும் வெட்டுத்தடம் வந்ததும் நிறுத்தலாம். உறையோடு வரும் கூரில்லாத குட்டிக் கத்தியான சக்மக், மடங்கிய ஓரத்தை நிமிர்த்தத்தான். இரும்பை அது தேய்க்காது. ஓரம் அடிக்கடி மடங்கினால் தோய்ச்சல் குறைவு. பொடிப்பொடியாகத் தெறித்தால் தணிப்பு குறைவு.

இப்போது குரோமியம். துருப்பிடிக்காத எஃகுக்கு அது 10.5 சதவீதமாவது வேண்டும். இதில் 1 கூட இல்லை. மரப்பால், எலுமிச்சைச் சாறு, வியர்வை எல்லாம் உடனே கறை வைக்கும். வேலை முடிந்ததும் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவுங்கள். சமையல் எண்ணெய் நாளாக நாளாகப் பிசுக்காகும். மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் உறைக்கு வெளியே வையுங்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி இரும்பின் மேல் பிடித்துவைக்கும்.

உருவும்போது விரல்கள் உறையின் ஓரப் பக்கத்தைச் சுற்றக் கூடாது. உள்ளே இருப்பது இரண்டு மரத்தகடுகள். ஓரம் அவற்றின் இணைப்பில்தான் நிற்கிறது, அழுத்தினால் தோலையும் விரலையும் சேர்த்து அறுக்கும். முதுகுப் பக்கம் பிடித்து, கத்தியின் முதுகை உறையோடு உரசியபடி இழுங்கள்.

உருவினால் ரத்தம் பார்க்காமல் உறையில் போடக் கூடாது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். நேபாளக் கிராமங்களில் காய் நறுக்குவதும் விறகு பிளப்பதும் அதே கத்திதான். கதை உண்மையென்றால் ஊரில் விரலோடு ஒருவர் மிஞ்சமாட்டார்.

கடைசியாக, நண்பர் புறப்படுமுன்: இந்திய ஆயுத விதிகளின் பட்டியலில் குக்ரியின் பெயரே இருக்கிறது. அலகு 9 அங்குலத்துக்கு (சுமார் 23 செ.மீ.) மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்து, வீட்டு, விவசாயப் பயன்பாட்டுக்கென்று செய்யப்படாததாகவும் இருந்தால், அரசு அறிவித்த பகுதிகளில் உரிமம் கேட்பார்கள். உங்கள் மாவட்டம் அந்த அறிவிப்பில் வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விமானத்தில் கைப்பையில் வைக்க முடியாது; ரசீதோடு செக்-இன் பெட்டியில்தான் வர வேண்டும்.