பன்னிரண்டு சதவீதம், எந்த மணிக்கு?

"அங்கிள், இதுக்கு ஓம் எண்டு போடுறதோ, இல்லை எண்டு போடுறதோ?"

கனடாவில், ஸ்காபரோவில் என் கணக்கு அலுவலகத்துக்கு வருகிறவர்கள் வழக்கமாக வரியைப் பற்றியும் வீட்டுக் கடனைப் பற்றியும்தான் கேட்பார்கள். இந்தப் பிள்ளை கைபேசியில் எடுத்துக் காட்டியது ஒரு சம்பள உடன்பாட்டின் சுருக்கம். ஒரு விமான நிறுவனத்தில் நாலு வருடமாகப் பணிப்பெண். சங்கமும் நிறுவனமும் கதைத்து முடித்த உத்தேச உடன்பாடு உறுப்பினர்களின் வாக்குக்கு வந்திருந்தது. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு சதவீதம். அதைத் தாண்டி அவள் வாசிக்கவில்லை. நாற்பது பக்கத்தை இரவுப் பறப்பு முடித்து வந்து யார்தான் வாசிப்பார்கள்?

கூட்டு ஒப்பந்தம் என்றவுடன் நம்மவர்களுக்கு மலையகத் தோட்டச் சம்பளப் பேச்சுத்தான் ஞாபகம் வரும். அங்கே சங்கத் தலைவர்கள் கையெழுத்திட்டால் காரியம் முடிந்துவிடும் என்றிருந்தது. இங்கே வட அமெரிக்க விமானச் சங்கங்களில் தலைவர்களின் கையெழுத்து பாதித் தூரம்தான். மீதியை உறுப்பினர் வாக்குத்தான் முடித்துவைக்கும். அந்த வாக்கு வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் 2025 செப்டம்பரில் எயர் கனடாவில் நடந்ததைப் பார்க்க வேண்டும். தங்கள் சங்கமே கொண்டுவந்த சம்பளப் பகுதியைப் பணியாளர்கள் 99.1 சதவீதம் பேர் நிராகரித்தார்கள்.

அவர்களின் கோபத்துக்கு வேர் சதவீதத்தில் இல்லை, மணிக்கூட்டில் இருந்தது. விமானப் பணியாளரின் சம்பளம் நெடுங்காலமாக விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து நிற்கும் வரைக்கும்தான். பயணிகளை ஏற்றுவது, மேல்தட்டில் பெட்டி திணிக்க முடியாமல் நிற்பவருக்குக் கை கொடுப்பது, பாதுகாப்புச் சோதனை, பனி உருக்கும் மருந்து அடிக்கும் முறைக்காகக் கதவைப் பூட்டிக்கொண்டு காத்திருப்பது எல்லாம் சீருடையோடு செய்யும் வேலை. ஆனால் மணிக்கணக்கில் முழுதாகச் சேராது. அமெரிக்காவில் டெல்டா விமான நிறுவனம் 2022-ல் பயணிகளை ஏற்றும் நேரத்துக்குப் பாதி வீதத்தில் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது. டெல்டாவில் விமானப் பணியாளருக்குச் சங்கமே இல்லை. சங்கம் அமைக்க முயற்சி நடந்துகொண்டிருந்த வேளை அது என்பதையும் சேர்த்து வாசித்துக்கொள்ளுங்கள்.

எயர் கனடாவின் பத்து வருட ஒப்பந்தம் 2025 மார்ச்சில் முடிந்தது. ஓகஸ்ட் 16-ல் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பணியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சில மணி நேரத்துக்குள் கனடிய மத்திய அரசு தொழிற்சட்டத்தின் 107-ஆம் பிரிவைத் தூக்கி, வேலைக்குத் திரும்பச் சொன்னது. சங்கம் திரும்பவில்லை. 19-ஆம் திகதி விடிய முன்னம் உத்தேச உடன்பாடு வந்தது. முதல் வருடத்துக்கு, ஐந்து வருடம் வரை சேவையுள்ளவர்களுக்கு 12 சதவீதம், மற்றவர்களுக்கு 8. அடுத்த வருடங்களுக்கு 3, 2.5, 2.75. கூடவே ஒவ்வொரு பறப்புக்கும் முந்திய தரை வேலைக்குச் சம்பளம்: சிறிய விமானத்துக்கு 60 நிமிடம், பெரியதுக்கு 70 நிமிடம், மணி வீதத்தின் பாதியில் தொடங்கி வருடத்துக்கு ஐந்து சதவீதப் புள்ளி ஏறும்.

இப்போது பென்சிலை எடுங்கள். மணிக்கு 30 டொலர், மாதம் 75 பறப்பு மணி என்று வைப்போம் (கணக்குக்காகத்தான்). அடிப்படை 2,250 டொலர். 12 சதவீதம் கூடினால் மணிக்கு 33.60, மாதம் 2,520. ஆக உயர்வு 270 டொலர்.

தரை வேலைக்கு மணிக்கு 16.80. மொன்றியல், ஒட்டாவா என்று குட்டிக் குட்டிப் பறப்பாக மாதம் 40 தடவை பயணிகளை ஏற்றுகிற ஒருத்திக்கு அதனால் 672 டொலர். ரோக்கியோவுக்கும் டெல்லிக்கும் போய்வந்து மாதம் 8 தடவை மட்டும் ஏற்றுகிற இன்னொருத்திக்கு 156 டொலர் 80 சதம். ஒரே உடன்பாடு, ஒரே சதவீதம், ஒரே வாக்குச்சீட்டு. ஒருத்திக்குத் தரைச் சம்பளம் சம்பள உயர்வைவிட இரண்டரை மடங்கு; மற்றவளுக்கு அதில் பாதியைச் சற்றுத் தாண்டும். பக்கத்து இருக்கைத் தோழி என்ன போடுகிறாள் என்று கேட்டு வாக்களிப்பது எவ்வளவு ஆபத்து என்று இதற்குமேல் எனக்கு விளக்கத் தெரியாது.

சதவீதங்களைக் கூட்டிப் பார்க்கிற பழக்கமும் நல்லதல்ல. மேலே சொன்ன நாலு வருட உயர்வைப் பெருக்கிப் பார்த்தால் புதியவர்களுக்கு ஏறத்தாழ 21.5, பழையவர்களுக்கு 17.2 சதவீதம். வேலைநிறுத்தத்துக்கு முன் நிறுவனம் வெளியில் சொன்ன இலக்கம் 38. அது வேறு சலுகைகளையும் ஓய்வூதியத்தையும் சேர்த்த "மொத்தப் பலன்". பொய்யில்லை. ஆனால் கடையில் பால் வாங்கும்போது ஓய்வூதியத்தை நீட்ட முடியாது.

அடுத்தது, "இல்லை" என்ற வாக்குக்கு அர்த்தம் என்ன? இதைத்தான் அந்தப் பிள்ளை கேட்கவேயில்லை, நான்தான் கேட்கவைத்தேன். எயர் கனடா விடயத்தில் இரு தரப்பும் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தது இது: சம்பளப் பகுதி தோற்றால் மத்தியஸ்தம், அதுவும் சரிவராவிட்டால் நடுவர் தீர்ப்பு. வேலைநிறுத்தமும் இல்லை, கதவடைப்பும் இல்லை. உடன்பாட்டின் மற்றப் பகுதிகள் வாக்கு எப்படிப் போனாலும் நடைமுறைக்கு வரும். அதாவது 99.1 சதவீதம் பேர் இல்லை என்று சொன்ன அடுத்த நாளும் விமானங்கள் பறந்தன. அப்படிச் சொன்னது வீண் என்று நான் சொல்லவில்லை. நடுவர் முன்னால் அந்த இலக்கம் பேசும். ஆனால் மறுபடி மறியலுக்கு நிற்கலாம் என்று நினைத்து இல்லை போட்டவர்களும் இருந்திருப்பார்கள்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே 1926-ல் ரயில்வேக்காக வந்த தொழிற்சட்டம் 1936-ல் விமானத் துறைக்கும் நீட்டப்பட்டது. அதன்படி ஒப்பந்தம் முடிவதே இல்லை. திருத்தத்துக்கு உரிய திகதி வரும், போகும், பழைய சம்பளம் ஓடிக்கொண்டேயிருக்கும். யுனைட்டட் விமான நிறுவனப் பணியாளருக்கு அந்தத் திகதி 2021-ல் வந்தது. உத்தேச உடன்பாடு கிடைத்தது 2025 மே மாதம். ஜூலையில் 71 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். சவுத்வெஸ்ட் எயர்லைன்ஸில் 2023 டிசம்பரில் 64 சதவீதம் நிராகரித்து, நாலு மாதத்தில் வந்த அடுத்த உடன்பாட்டை 81 சதவீதம் ஏற்றார்கள். அலாஸ்கா எயர்லைன்ஸில் ஆறு மாதம் எடுத்தது: 2024 ஓகஸ்டில் 68 சதவீதம் இல்லை, 2025 பெப்ரவரியில் 95 சதவீதம் ஓம். இங்கே கனடாவில் எயர் டிரான்சாட் நிறுவனத்தில் 2024 தொடக்கத்தில் இரண்டு தடவை நிராகரித்து மூன்றாவதை ஏற்றார்கள். ஆகவே முதலாவதைத் தள்ளினால் நல்லது வராது என்று மிரட்டுகிறவர்களையும் நம்பாதீர்கள், கட்டாயம் வரும் என்று அடித்துச் சொல்கிறவர்களையும் நம்பாதீர்கள்.

காத்திருப்பதற்கு ஒரு விலை உண்டு, அதை மட்டும் என்னால் கணக்குப் போட்டுத் தர முடியும். மேலே சொன்ன 270 டொலர் பத்து மாதம் தள்ளிப்போனால் 2,700. இரண்டாவது உடன்பாடு முதலாவதைவிட 3 சதவீதம் கூடுதலாக வந்தாலும் அது மாதம் 75 டொலர் சொச்சம். விட்டதைப் பிடிக்கக் கிட்டத்தட்ட மூன்று வருடம். நிலுவைச் சம்பளம் பழைய திகதியிலிருந்து கிடைக்கும் என்று எழுத்தில் இருந்தால் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகும். அதனால் "நிலுவை" என்ற சொல்லைத் தேடிப் பிடியுங்கள். சில உடன்பாடுகளில் அதன் இடத்தில் "கையெழுத்துப் போனஸ்" என்று ஒரு மொத்தத் தொகை இருக்கும். இரண்டும் ஒன்றல்ல: நிலுவை நீங்கள் செய்த மணிக்கு ஏற்ப வரும், போனஸ் அவர்கள் வைத்த இலக்கம்.

நிலுவை மொத்தமாக வரும்போது வரி வெட்டைப் பார்த்து எனக்குத் தொலைபேசி எடுப்பார்கள், "பாதியைப் பிடுங்கிட்டாங்கள்" என்று. கூடப் பிடித்திருந்தால் அடுத்த சித்திரையில் கணக்குக் கொடுக்கும்போது திரும்பி வரும், அதற்கு அழ வேண்டாம். கவனிக்க வேண்டியது பிள்ளைகளுக்கான கொடுப்பனவு. அந்த வருட வருமானம் வீங்கினால் அடுத்த ஜூலையிலிருந்து அது குறையும். அந்த வீக்கத்தைக் குறைக்க, ஓய்வுச் சேமிப்புக் கணக்கில் இடம் இருந்தால் நிலுவையில் ஒரு பங்கை அதற்குள் போடுவது பற்றி முன்கூட்டியே கதையுங்கள். வேலைநிறுத்த நாட்களில் சங்கம் தந்த உதவிப் பணத்துக்குப் பொதுவாக வரி இல்லை. அதை வருமானத்தில் சேர்த்து எழுதிக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

அந்தப் பிள்ளை அன்று ஒரு மணி நேரம் இருந்தாள். போகும்போது அவளிடம் ஒரு தாள் இருந்தது: போன மூன்று மாதத்தில் எத்தனை தடவை பயணிகளை ஏற்றினாள், எத்தனை பறப்பு மணி, கதவைப் பூட்டிக் காத்திருந்த நேரம் எவ்வளவு. கடைசியை அவள் எங்கும் குறித்து வைத்திருக்கவில்லை, ஞாபகத்திலிருந்து எழுதினாள். என்ன வாக்குப் போட்டாள் என்று நான் கேட்கவில்லை. நீங்கள் வரும்போது உடன்பாட்டின் முழுப் பிரதியோடு உங்கள் ரோஸ்டரையும் சம்பளச் சிட்டையையும் கொண்டு வாருங்கள். வாக்கு முடிய முதல்நாள் பின்னேரம் வராதீர்கள். அன்று வரிசை நீளம்.