எல்லாவற்றையும் பிசாசின் தலையில் போடாதீர்கள்

"பாஸ்டர், எனக்குள்ள சூதாட்ட ஆவி இருக்கு. தலையில கை வச்சு அதைத் துரத்திடுங்க." சபையின் ஆலோசனை அறையில் இந்த வாரமும் இதே வேண்டுகோள். ஆளுக்கு ஆள் ஆவியின் பெயர்தான் மாறும்: குடி ஆவி, கோப ஆவி, இச்சையின் ஆவி, கடன் ஆவி. கேட்கிறவர்கள் பொய்க்காரர்கள் அல்லர். மூன்று நாள் உபவாசம் இருந்துவிட்டுக் கண்ணீரோடு வருகிறவர்கள். ஏற்கெனவே நாலைந்து இடங்களில் ஜெபித்து எண்ணெய் பூசியிருப்பார்கள். ஆனால் "புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கே இருப்பீர்கள்?" என்று ஒருவர்கூட அவர்களைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

இங்கே சிங்கப்பூரில் புதன், சனி, ஞாயிறு மாலை 6:30 மணிக்கு ஃபோர்-டி லாட்டரிக் குலுக்கல். திங்களும் வியாழனும் டோட்டோ லாட்டரி. அந்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கால் தானாகக் கடைப்பக்கம் திரும்புகிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது கால் போகும் வழியைத்தான்.

பிசாசு இல்லை என்று சொல்ல வரவில்லை. இருக்கிறான். கெர்ச்சிக்கிற சிங்கம்போல் எவனை விழுங்கலாமோ என்று வகைதேடிச் சுற்றித்திரிகிறான் என்று பேதுரு எழுதியதை அப்படியே நம்புகிறேன். ஆனால் அந்த 1 பேதுரு 5:8 எப்படித் தொடங்குகிறது? "தெளிந்த புத்தியுள்ளவர்களாயிருங்கள், விழித்திருங்கள்." தெளிந்த புத்திதான் முதல் கட்டளை. நாமோ அதைத் தாண்டிக் குதித்து நேராகச் சிங்கத்துக்குப் போய்விடுகிறோம்.

கலாத்தியர் 5:19-21 வசனங்களை இன்றிரவு நிதானமாக வாசித்துப் பாருங்கள். விபசாரம், பகைகள், கோபங்கள், பொறாமைகள், வெறிகள் என்று பவுல் ஒரு பட்டியல் போடுகிறார். நடுவில் பில்லிசூனியமும் வருகிறது. பில்லிசூனியத்தைக்கூட அவர் "மாம்சத்தின் கிரியைகள்" என்ற தலைப்பின்கீழ்தான் வைக்கிறார். பிசாசின் கிரியைகள் என்று எழுதவில்லை. 24-ஆம் வசனத்தில் மருந்தும் சொல்கிறார்: கிறிஸ்துவினுடையவர்கள் மாம்சத்தையும் அதின் ஆசை இச்சைகளையும் சிலுவையில் அறைந்திருக்கிறார்கள். பிசாசைத் துரத்தலாம். மாம்சத்தை எங்கே துரத்துவீர்கள்? அது உங்கள் கூடவேதானே வீட்டுக்கு வருகிறது! அதை அறையத்தான் முடியும். அறைவதற்கு நேரமாகும், வலிக்கும், தினமும் செய்ய வேண்டியிருக்கும். ஐந்து நிமிட விடுதலை ஜெபத்தை நாம் அதிகம் விரும்புவது இதனால்தான். ஏவாளும் "சர்ப்பம் என்னை வஞ்சித்தது, நான் புசித்தேன்" என்றுதான் சொன்னாள். சர்ப்பம் வஞ்சித்தது உண்மை. புசித்தது யார்?

யாக்கோபு 1:14 இன்னும் நுட்பமானது: "அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு, சோதிக்கப்படுகிறான்." சிக்குண்டு என்ற இடத்தில் மூல கிரேக்கச் சொல் இரை வைத்துப் பிடிப்பதைக் குறிக்கிறது. பிடோக் படகுத்துறையில் தூண்டில் போடுகிறவர்களைக் கேளுங்கள். எந்த மீனுக்கு எந்த இரை என்பதிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார்கள். முள் குத்திய பிறகு மீனால் ஒன்றும் செய்ய முடியாது. பதுங்கிய இடத்தைவிட்டு வெளியே இழுக்கப்படுகிறதே, அந்த முதல் நொடியில்தான் அதற்கு வழி இருக்கிறது. 1 கொரிந்தியர் 10:13 சொல்லும் "தப்பிக்கொள்ளும்படியான போக்கு" பெரும்பாலும் அங்கேதான் திறந்திருக்கும். கணினிமுன் இரவு ஒரு மணிக்கு உட்கார்ந்துகொண்டு "போக்கு எங்கே?" என்று கேட்கிறோம். அது பத்தரை மணிக்கே திறந்திருந்தது, தூங்கப் போகும் வடிவத்தில்.

இன்னொரு குழப்பம் 'சோதனை' என்ற சொல்லாலேயே வருகிறது. வேலை போனாலும் சோதனை, வியாதி வந்தாலும் சோதனை, அடுத்தவன் மனைவிமேல் கண் போனாலும் சோதனை. கிரேக்கத்திலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆனால் செய்ய வேண்டியது ஒன்றல்ல. துன்பமாக வரும் சோதனையில் பொறுத்து நிற்க வேண்டும். பிசாசுக்கு முன்பாகவும் அப்படியே: "எதிர்த்து நில்லுங்கள்" என்கிறார் யாக்கோபு. அதே வசனத்தில் அதற்கு முன்னால் "தேவனுக்குக் கீழ்ப்படிந்திருங்கள்" என்று இருப்பதையும் சேர்த்து வாசியுங்கள், தயவுசெய்து. இச்சை வரும்போது வேதம் பயன்படுத்தும் வினைச்சொல் வேறு: "வேசித்தனத்திற்கு விலகியோடுங்கள்", "பாலியத்துக்குரிய இச்சைகளுக்கு நீ விலகியோடு". யோசேப்பு போத்திபாரின் மனைவியிடம் வசனம் சொல்லி வாதாடிக்கொண்டிருக்கவில்லை. வஸ்திரத்தை அவள் கையிலேயே விட்டுவிட்டு வெளியே ஓடிப்போனான். நம்மவர்கள் இதை அப்படியே மாற்றிப் போடுகிறார்கள். கஷ்டமான வேலையிலிருந்து ஓடுகிறார்கள். குடிக்கும் நண்பர்களோடு காப்பிக்கடையில் உட்கார்ந்து "நான் ஜெயித்துக் காட்டுகிறேன்" என்று எதிர்த்து நிற்கிறார்கள்.

ஆலோசனைக்கு வரும் எவருக்கும் நான் முதலில் கொடுப்பது ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். 14 நாள். விழுந்தாலும் சரி, தப்பினாலும் சரி, ஒவ்வொரு முறையும் நான்கு விஷயம் எழுத வேண்டும்: மணி, இடம், கூட யார், அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் என்ன நடந்தது. கடைசிக் கேள்விதான் முக்கியம். மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்கியது, ஊரிலிருந்து பணம் கேட்டு வந்த அழைப்பு, மனைவி இரவு ஷிஃப்ட் போனது என்று அங்கேதான் எல்லாம் வெளிவரும். இது புதுமையான உத்தி ஒன்றும் இல்லை. நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியஸ் என்ற துறவி, எந்தத் தீய எண்ணம் எப்போது வருகிறது, எதன் பின்னால் எது வருகிறது என்று கவனித்துக் குறித்துவைக்கச் சொன்னார். தீய எண்ணங்களை எட்டாக வகுத்தார். சோர்வு என்னும் எண்ணம் பகல் 10 மணிக்கு வந்து 2 மணிவரை துறவியைப் பிடித்தாட்டும் என்று நேரத்தைக்கூடக் குறித்திருக்கிறார். பிசாசுகளைப் பற்றி அதிகம் பேசியவர் அவர். ஆனாலும் நேரம் பார்க்க மறக்கவில்லை.

14 நாள் முடிந்ததும் பெரும்பாலும் இரண்டு மூன்று கதவுகள்தான் தெரியும். அவற்றை அடையுங்கள். "துர்இச்சைகளுக்கு இடமாக உடலைப் பேணாமலிருந்து" என்று ரோமர் 13:14 சொல்வது இதைத்தான்.

பணம்தான் கதவு என்றால்: நம் உள்ளூர் வங்கிகள் மூன்றிலும் 2023 நவம்பர் முதல் பணத்தைப் பூட்டிவைக்கும் வசதி இருக்கிறது. மோசடிக்காரர்களிடமிருந்து காப்பாற்ற வந்தது. பூட்டிய தொகையைக் கைப்பேசியிலிருந்து யாருக்கும் அனுப்ப முடியாது. சம்பளம் ஏறிய அன்றே வீட்டுச் செலவையும் ஊருக்கு அனுப்ப வேண்டியதையும் தனியே வைத்துவிட்டு மிச்சத்தைப் பூட்டுங்கள். கைப்பேசிவழி பணம் அனுப்பும் பேநவ் சேவையின் தினசரி வரம்பைக் குறையுங்கள். சூதாட்டக்கூடத்துக்குப் போகிறவர்கள் சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்திடம் தங்களைத் தாங்களே விலக்கிவைக்க விண்ணப்பிக்கலாம், குடும்பத்தாரும் கேட்கலாம். உதவி எண் 1800-6-668-668. நுழைவதற்குக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 150 சிங்கப்பூர் வெள்ளி கட்ட வேண்டியிருப்பது உங்களைத் தடுக்கும் என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள். கட்டிவிட்டுத்தான் போகிறார்கள், கட்டியதை எடுத்தாக வேண்டும் என்று அங்கேயே உட்கார்ந்தும் விடுகிறார்கள்.

கைப்பேசி கதவு என்றால் இரவில் சமையலறையில் சார்ஜ் போடுங்கள். "அலாரத்துக்கு வேணுமே" என்பார்கள். ஒரு அலாரக் கடிகாரம் வாங்குங்கள்.

தொழிலாளர் தங்கும் விடுதியில் இருக்கும் தம்பிகளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஆபத்து. ஆராதனை முடிந்து விடுதிக்குத் திரும்பும்வரை எட்டு மணி நேரம் தேக்காவில் (லிட்டில் இந்தியா) செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் கிடக்கும். மத்தேயு 12-இல் அசுத்த ஆவி திரும்பி வந்து பார்க்கும் வீடு பெருக்கி ஜோடிக்கப்பட்டுத்தான் இருக்கிறது. குறை என்னவென்றால், அது வெறுமையாக இருக்கிறது. சபைகளே, அந்த எட்டு மணி நேரத்தில் ஒரு சாப்பாடு, ஒரு கால்பந்து, ஒரு பாட்டுப் பயிற்சி வைத்தால் எத்தனையோ விடுதலை ஜெபங்களுக்கு அவசியமே வராது.

உடம்பை அலட்சியப்படுத்தாதீர்கள். எலியா சூரைச்செடியின்கீழ் படுத்து "என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா தூங்கினான். மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேபில் கர்த்தர் பேசியது அதற்குப் பிறகுதான். தொடர்ந்து 12 மணி நேர ஷிஃப்ட், அதன்மேல் முழு இரவு ஜெபம், அதன்மேல் உபவாசம் என்று இருப்பவர் திங்கட்கிழமை விழுந்தால் எனக்கு ஆச்சரியமே இல்லை. இன்சுலின் போடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்கவே கூடாது. எத்தனை தடவை சொல்வது!

91-ஆம் சங்கீதத்தைக் கதவிலும் காரிலும் ஒட்டிவைத்திருக்கிறோம். அருமையான சங்கீதம். ஆனால் வனாந்தரத்தில் பிசாசு இயேசுவிடம் எடுத்துக் காட்டியதும் அதே சங்கீதத்திலிருந்துதான். ஒட்டிவைத்த வசனத்துக்கு அவன் பயப்படுவதில்லை. இயேசு திருப்பிச் சொன்ன மூன்று பதில்களும் உபாகமம் 6, 8 அதிகாரங்களில் இருப்பவை. அந்தந்தத் தூண்டுதலுக்கு நேர் பதிலாக, ஏற்கெனவே உள்ளத்தில் இருந்தவை. உங்கள் பலவீனம் எதுவோ அதற்கென்றே மூன்று வசனம் தேர்ந்தெடுத்து மனப்பாடம் செய்யுங்கள். பணத்தாசைக்கு எபிரெயர் 13:5, கோபத்துக்கு எபேசியர் 4:26-27. சத்தமாகச் சொல்லுங்கள். சொல்லிக்கொண்டே எழுந்து நடங்கள்.

அடுத்தது எல்லோரும் தட்டிக்கழிப்பது: ஒரு மனிதரிடம் சொல்வது. 16-ஆம் நூற்றாண்டில் புனித இஞ்ஞாசியார் சத்துருவைக் கள்ளக் காதலனுக்கு ஒப்பிட்டார். விஷயம் வெளியே தெரியாதவரைதான் அவனுக்குப் பலம். ஓஃபிர் ரோடு லூர்து மாதா ஆலயத்துக்குப் போகும் நம் கத்தோலிக்க உறவினர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது. கேட்டதைக் குருவானவர் வெளியே விடமாட்டார் என்ற உறுதியும் இருக்கிறது. நம் பக்கத்தில் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்லும் யாக்கோபு 5:16 இருக்கிறது, உறுதிதான் இல்லை. ஒருவர் அழுதுகொண்டே சொன்னது அன்றிரவே வாட்ஸ்அப் குழுவில் "ஜெபக்குறிப்பு" ஆகிவிடுகிறது. மூப்பர்களே, செல் குரூப் தலைவர்களே, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், இதை நிறுத்துங்கள். ஒரு முறை காட்டிக்கொடுக்கப்பட்டவர் மறுபடி வாயைத் திறக்கப் பல வருடம் ஆகும். அதுவரை அவர் தனியாகவே போராடுவார்.

தேர்ந்தெடுப்பவர் உங்கள் பாலினத்தவராக, வயதில் மூத்தவராக, அதே பழக்கம் இல்லாதவராக இருக்கட்டும். வாரம் ஒரு முறை, ஒரே நாள். "எப்படி இருக்கீங்க தம்பி?" என்ற கேள்வி போதாது. "புதன் ஆறு மணிக்கு எங்கே இருந்தீங்க?" என்று கேட்பவர் வேண்டும்.

இன்னொரு வகையினர் வருகிறார்கள். இவர்களிடம் ஒருபோதும் கடுமையாகப் பேசாதீர்கள். ஜெபத்தில் முழங்கால் போட்டவுடன் தேவதூஷணமான வார்த்தைகள் மனதுக்குள் ஓடும். நடுங்கிப்போவார்கள். நாளுக்கு இருபது தடவை பாவஅறிக்கை செய்வார்கள். எண்ணம் வருவது பாவமல்ல. நம்மைப்போல் எல்லாவிதத்திலும் சோதிக்கப்பட்டும் பாவமில்லாதவராயிருந்தார் நம் ஆண்டவர். ஆனால் இப்படிப்பட்ட எண்ணங்களும் அவற்றை அழிக்கச் செய்யும் சடங்குகளும் நாளில் ஒரு மணி நேரத்துக்குமேல் தின்கிறதென்றால் அது ஓசிடி என்ற மனநோயாக இருக்கலாம். அதற்கு மருந்தும் சிகிச்சையும் உண்டு. மீண்டும் மீண்டும் அறிக்கை செய்ய வைப்பது நோயை வளர்க்கும். பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பார்த்து மனநலக் கழகத்துக்குக் கடிதம் வாங்குங்கள். அவசரத்துக்கு 6389-2222, 24 மணி நேரமும் எடுப்பார்கள். காதில் குரல் கேட்கிறது, சாகச் சொல்கிறது என்றால் ஜெபக்கூட்டத்துக்காகக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே மருத்துவமனை. "விசுவாசம் இருந்தால் மாத்திரையை நிறுத்து" என்று சொல்கிற ஊழியக்காரர்கள் அதன் பின்விளைவுக்குப் பொறுப்பேற்பார்களா?

விழுந்துவிட்டால்? விழுவது நடக்கும். அடுத்த ஞாயிறுவரை காத்திருக்காமல் 24 மணி நேரத்துக்குள் அந்த ஒருவருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். குறுஞ்செய்தியில் வேண்டாம், குரலில் சொல்லுங்கள். நோட்டுப் புத்தகத்தில் அன்றைய நான்கு விஷயத்தையும் எழுதுங்கள். எந்தக் கதவு திறந்திருந்தது என்று பார்த்து அதை அன்றே அடையுங்கள். "நான் தகுதியில்லாதவன்" என்று திருவிருந்து ஞாயிற்றில் பின்வரிசையில் உட்கார்ந்து நழுவிப்போகிறவர்களே, முந்தின நாளே வந்து போதகரைப் பாருங்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வாருங்கள். உங்களுக்கு அந்த நேரத்தில் வேறெங்கும் போகாமல் இருப்பதும் நல்லது.