கம்பைலரே விழுந்தால் ஸ்டாக் ட்ரேஸில் எதைப் பார்ப்பது?

காட்பாடியில் என்னிடம் வரும் கல்லூரிப் பிள்ளைகளும் சரி, ராணிப்பேட்டைத் தோல் ஆலைகளுக்குச் சரக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் எழுதும் தம்பிகளும் சரி, நம் கோடை இயங்கும் நிரலாக மாற்றும் கம்பைலரே விழுந்து 'இன்டர்னல் கம்பைலர் எரர்' என்று திரையில் வந்ததும் கடைசி வரியை மட்டும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். "அண்ணா, ரீஇன்ஸ்டால் பண்ணட்டுமா?" வேண்டாம் தம்பி. மேலே ஓடிப்போன வரிகளை அனுப்பு. விழுந்தபோது எந்த ஃபங்ஷன் எதை அழைத்திருந்தது என்ற அந்தப் பட்டியல்தான் ஸ்டாக் ட்ரேஸ்.

வெறும் 'கில்டு' என்று வந்தால் பெரும்பாலும் ரேம் தீர்ந்து லினக்ஸே கம்பைலரை நிறுத்தியிருக்கும். அதற்கு ட்ரேஸே வராது. மேக் (make) கட்டளை ஒரே நேரத்தில் ஓட்டும் கம்பைல் வேலைகளைக் குறைத்தால் போதும். அப்புறம் நம் வேலூர் வெயில். ஒரே கோப்பு ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் விழுந்தால் கம்பைலரை விட்டுவிட்டு ரேமையும் லேப்டாப் சூட்டையும் சந்தேகப்படலாம். ஒரே இடத்தில் விழுந்தால்தான் ட்ரேஸுக்கு மதிப்பு.

ட்ரேஸின் உச்சியில் இருக்கும் அபார்ட், அசெர்ட், சிக்னல் ஹேண்ட்லர் எல்லாம் விழுந்த பிறகு நடந்தவை. அவற்றைத் தாண்டி வரும் முதல் கம்பைலர் ஃபங்ஷனிலிருந்து படியுங்கள். க்ளாங் என்ற சி, சி++ கம்பைலர் இன்னும் தாராளம். 'ஸ்டாக் டம்ப்' என்ற தலைப்பின்கீழ், கொடுத்த கட்டளை, படித்துக்கொண்டிருந்த வரி, எந்த ஃபங்ஷனில் எந்த பாஸ் (கோடை அலசி மாற்றும் ஒரு கட்டம்) ஓடியது என்பதுவரை எண் போட்டுச் சொல்லும். நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ப்ராஜெக்ட்டுக்காக, கோடை இலக்கணப்படி பிரித்துப் படிக்கும் பார்சரைக் கையால் எழுதும் மாணவர்களிடம் அடிக்கடி வருவது, ஒரே ஃபங்ஷன் பெயர் ஆயிரக்கணக்கில் அடுக்கி நிற்கும் ட்ரேஸ். ஃபங்ஷன் அழைப்புகளுக்கான நினைவிடமான ஸ்டாக்கின் அளவு லினக்ஸில் வழக்கமாக 8 எம்பி, அது நிரம்பிவிட்டது. உடனே அளவைக் கூட்டாதீர்கள். ஜிடிபி என்ற டீபக்கரில் நாலைந்து ஃப்ரேம்களுக்கு (ட்ரேஸில் உள்ள ஒவ்வொரு அழைப்பும் ஒரு ஃப்ரேம்) போய், அப்போது உள்ளீட்டின் எந்த டோக்கனில், அதாவது எந்தச் சொல் அல்லது குறியில் நின்றது என்று பாருங்கள். எல்லா ஃப்ரேமிலும் அதே டோக்கன் என்றால் இலக்கண விதி எதையும் படிக்காமலே தன்னைத் தானே அழைக்கிறது, அதாவது லெஃப்ட் ரிகர்ஷன். டோக்கன் நகர்ந்துகொண்டே போயிருந்தால் உள்ளீடுதான் அவ்வளவு ஆழமாக அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி போட்டிருக்கிறது. அதற்கு ஒரு வரம்பு வைக்க வேண்டும். க்ளாங்கே ஒரு குறிப்பிட்ட அடுக்குக்கு மேல் போனால் எரர் கொடுத்து நிறுத்திவிடும்.

கோடை வேகமாக ஓடும்படி மாற்றும் ஆப்டிமைசரில் விழுந்தால் நிலைமை வேறு. முந்தைய பாஸ் கெடுத்து வைத்ததில் அடுத்த பாஸ் தடுக்கி விழும். ட்ரேஸில் பிந்தையதன் பெயர்தான் இருக்கும். க்ளாங்கின் அடித்தளமான எல்எல்விஎம்மில் ஒவ்வொரு பாஸுக்குப் பிறகும் கோடு சரியான வடிவில் இருக்கிறதா என்று பார்க்கும் வெரிஃபையரை ஓட்டினால், கெடுத்தது எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். ஜிசிசி என்ற இன்னொரு கம்பைலர் என்றால், அந்தக் கட்டளை மற்ற நிரல்களை அழைக்கும் வெறும் டிரைவர்தான், சி++ கோடை உண்மையில் கம்பைல் செய்வது சிசி1ப்ளஸ் (சி என்றால் சிசி1) என்பதால் ஜிடிபியை அதன்மீது ஓட்டுங்கள்.

பக் ரிப்போர்ட் போடும்முன் இதையும் கவனியுங்கள். க்ளாங் விழும்போது டெம்ப் ஃபோல்டரில் எழுதிவைக்கும் ப்ரீபிராசஸ் செய்த (ஹெடர்களையும் உள்ளே சேர்த்த) கோப்பில் உங்கள் கிளையண்ட்டின் முழுக் கோடும் இருக்கும். அப்படியே ஏற்றிவிடாதீர்கள். கோடைத் தானே சுருக்கும் சிவைஸ் (C-Vise) என்ற கருவி கொண்டு சில வரிகளாகச் சுருக்கி, அதே ட்ரேஸ் இன்னும் வருகிறதா என்று சரிபார்த்து, மிச்சமிருக்கும் கம்பெனிப் பெயர்களையும் மாற்றிவிட்டு அனுப்புங்கள்.