மெட்டுகளைத் தாண்டிப் பாடும் கம்பி

அமெரிக்க ப்ளூஸ் பாடகியும் கிட்டார் கலைஞருமான பானி ரெய்ட் மேடையில் வாசிக்கும்போது அவருடைய இடது கையைக் கவனியுங்கள். நடுவிரலில் ஒரு கண்ணாடிக் குழாய் மாட்டியிருப்பார். அதுதான் ஸ்லைடு. ஸ்லைடு கிட்டார் வாசிக்கும் பெரும்பாலானவர்கள் அதை மோதிர விரலிலோ சுண்டு விரலிலோ மாட்டுவார்கள். சிறுமியாக இருந்தபோது இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டுத் தானாகவே பழகியவர் ரெய்ட். எந்த விரலில் மாட்டவேண்டும் என்று காட்டித்தர பக்கத்தில் ஆள் இல்லை. நடுவிரலில் மாட்டினார், அதுவே நிலைத்துவிட்டது. அந்த விரலால் அவருக்கு என்ன லாபம் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தக் குழாய் செய்யும் வேலையைப் பார்ப்போம்.

கம்பியின் நீளம் குறைந்தால் சுருதி ஏறும். கிட்டாரின் கழுத்தில் குறுக்காகப் பதித்திருக்கும் உலோகக் கம்பிகளை ஃப்ரெட் என்கிறார்கள். வீணையில் நாம் மெட்டு என்போமே, அதேதான். விரலால் அழுத்தினால் கம்பி மெட்டில் போய் முட்டும், அதிரும் நீளம் அங்கே முடிந்துவிடும். விரல் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சுரம் மாறாது, ஏனென்றால் அந்த இடத்தை கிட்டார் செய்தவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். ஸ்லைடு கம்பியை மெட்டுவரை அழுத்துவதில்லை. மேலே லேசாகத் தொட்டுக்கொண்டு நிற்கும். கம்பி முடியும் இடம் குழாயேதான். அதனால் குழாய் மெட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். பழகாதவர்கள் விரலை வைக்கிற வழக்கத்தில் மெட்டுக்குச் சற்றுப் பின்னால் வைப்பார்கள், சுருதி இறங்கிவிடும்.

எவ்வளவு இறங்கும்? 1969 முதல் ரெய்ட்டின் கையில் இருப்பது ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற வகையைச் சேர்ந்த ஒரு பழைய மின்சார கிட்டார். அந்த வகை கிட்டாரில் அதிரும் கம்பியின் நீளம் 648 மில்லிமீட்டர். முதல் மெட்டுக்கு அருகே ஓர் அரைச்சுரத்தின் தூரம், அதாவது ஒரு மெட்டிலிருந்து அடுத்ததற்கு உள்ள இடைவெளி, 36 மில்லிமீட்டர். நட்ட நடுவில், பன்னிரண்டாவது மெட்டைத் தாண்டியதும், அது 18 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அங்கே குழாய் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால் அரைச்சுரத்தில் பதினெட்டில் ஒரு பங்கு தவறிவிடும். நல்ல காதுக்கு அது போதும். இன்னும் மேலே போகப் போக இடைவெளி மேலும் சுருங்கும். பாடிக்கொண்டே இதைச் செய்கிறார் என்று நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆனால் இந்தக் கஷ்டத்துக்குக் கிடைக்கும் பலன் பெரியது. ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை. ப்ளூஸ் பாடகர்களின் காந்தாரம், அதாவது ‘க’ சுரம், பல நேரம் கர்நாடக இசையின் இரண்டு காந்தாரங்களுக்கு, தாழ்ந்த சாதாரண காந்தாரத்துக்கும் உயர்ந்த அந்தர காந்தாரத்துக்கும், நடுவே எங்கோ நிற்கும். மெட்டு வைத்த வாத்தியத்தில் அந்த இடத்துக்கு மெட்டு கிடையாது. கம்பியை இழுத்துத்தான் பிடிக்க வேண்டும். ஸ்லைடு நேராகவே அங்கே போய் உட்காரும். நம் கோட்டுவாத்தியக் கலைஞர்கள் மெட்டே இல்லாத பலகையில் உருளைக் கட்டையை நகர்த்துவதும் இதே வழியில்தான். அப்புறம் அந்த நடுக்கம்: ஒரு சுரத்தில் நின்றபடி குழாயை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் சுருதி ஏறி இறங்கும். நம் காது அதன் சராசரியையே சுரமாக எடுத்துக்கொள்கிறது. பாடகர்களின் குரல் அதிர்வு வினாடிக்குச் சுமார் 5 முதல் 7 முறை வரும். கை அந்த வேகத்தில் அசைந்தால் கம்பி குரலாகிவிடுகிறது.

குழாய் நேர்க்கோடு. ஆறு கம்பிகளையும் ஒரே வரிசையில்தான் நிறுத்த முடியும். அதனால் கம்பிகளையே ச, க, ப என்று சேர்ந்து ஒலிக்கும் ஒரு கூட்டுச்சுரமாக (chord) சுருதி சேர்த்து வைத்துவிடுகிறார்கள். ஓப்பன் ட்யூனிங் என்று பெயர். குழாயை எங்கே வைத்தாலும் முழுக் கூட்டுச்சுரமும் கிடைக்கும்.

சரி, நடுவிரலுக்கு வருவோம். குழாய் கம்பியை இரண்டாகப் பிரிக்கிறது. பிரிட்ஜ் பக்கம், அதாவது கிட்டாரின் உடலில் கம்பி முடியும் பக்கம், இருப்பது நாம் கேட்க விரும்பும் துண்டு. தலைப்பக்கம் இருக்கும் துண்டும் சும்மா இருக்காது, அதுவும் அதிரும். மூன்றாவது மெட்டின் மேல் குழாய் இருந்தால் பின்பக்கத் துண்டு மொத்த நீளத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. அதிலிருந்து பாட்டோடு ஒட்டாத ஒரு கீச்சொலி வரும். குழாய்க்குப் பின்னால் ஒரு விரலைக் கம்பிகள்மேல் லேசாகப் படுக்க வைத்தால் அது அடங்கிவிடும். ஸ்லைடு நடுவிரலில் இருப்பதால் ரெய்ட்டின் ஆள்காட்டி விரல் அந்த இடத்திலேயே காத்திருக்கிறது. மீட்டும் வலது கையும் வேண்டாத கம்பிகளை அடக்கும். அவர் வாசிப்பில் இருக்கும் தெளிவில் பாதி இந்த அடக்கத்தால் வருவது என்பேன்.

ஒரு கிட்டாரும் சிறிய கண்ணாடிப் புட்டியும் கையில் இருந்தால் இதை நீங்களே செய்து பார்க்கலாம். பின்னால் விரல் வைத்து ஒரு முறை, எடுத்துவிட்டு ஒரு முறை. வேறுபாடு உடனே கேட்கும். இலேசான பிளாஸ்டிக் மூடியையும் வைத்துப் பாருங்கள்: ஒலி சட்டென்று செத்துவிடும். எடை குறைந்த பொருள் கம்பியோடு சேர்ந்து தானும் ஆடி அதிர்வை விழுங்கிவிடுகிறது. கனமான கண்ணாடியோ பித்தளையோ அசையாமல் நின்று அதிர்வைத் திருப்பி அனுப்பும்.

ரெய்ட் 1949இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். தந்தை ஜான் ரெய்ட் நியூயார்க்கின் பிராட்வே இசை நாடகங்களின் புகழ்பெற்ற பாடகர். கல்லூரி நாட்களில் பழைய ப்ளூஸ் கலைஞர்களோடு பழகும் வாய்ப்பு அமைந்தது. அவர்களில் முக்கியமானவர் மிசிசிப்பியின் கோமோ ஊரைச் சேர்ந்த ஃப்ரெட் மெக்டவல். விவசாய வேலை செய்துகொண்டிருந்த அவரை நாட்டுப்புற இசை சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் 1959இல்தான் ஒலிப்பதிவு செய்தார். பாட்டு வரியின் கடைசியில் மெக்டவல் வாயை மூடிக்கொள்வார், மிச்சத்தை ஸ்லைடு சொல்லி முடிக்கும். 1972இல் அவர் இறந்தார். கல்லறையில் பெயர் தப்பாகப் பொறித்த கல் இருந்தது. 1993இல் அதை மாற்றிச் சரியான நினைவுக்கல் வைத்தபோது செலவை ஏற்றவர் ரெய்ட்.

அதற்குள் அவரும் பெரிய பெயர் ஆகியிருந்தார். 1989இல் வந்த பத்தாவது ஆல்பம்தான் அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது, அப்போது வயது நாற்பதை நெருங்கியிருந்தது. 2023இல் அவர் எழுதிய பாட்டு ஆண்டின் சிறந்த பாடலுக்கான கிராமி விருது பெற்றபோது வயது 73.

அவருடைய மெதுவான ப்ளூஸ் ஒன்றைப் போட்டு, ஒரு வரி முடியும் இடத்தில் காதைக் கூர்மையாக்குங்கள். குரல் ஒரு சுரத்தில் மெல்ல இறங்கி நிற்கும். அதற்கு ஒரு மயிரிழை கீழே ஸ்லைடு தொடங்கும், அவசரப்படாமல் மேலே ஏறி, குரல் விட்டுப்போன அதே இடத்தில் வந்து நடுங்கியபடி நிற்கும்.