ஹினோகிஷின் சிரமதானம் அல்ல

தென்ரிக்யோ என்ற ஜப்பானியப் புதுமதத்தைப் பற்றித் தமிழில் நாலு வரி எழுதினாலும் 'ஹினோகிஷின்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'சிரமதானம்' என்று போட்டுவிடுகிறார்கள். ஒரு தடவை என்றால் போகட்டும் என்று விடலாம். ஒருவர் போட்டதை இன்னொருவர் அப்படியே எடுத்துப்போட, இப்போது அதுதான் சரியான சொல் என்றே ஆகிவிட்டது.

சொல்லின் பிறப்பில் பெரிய புதிர் எதுவும் இல்லை. 'ஹி' என்றால் நாள், 'நோ' வேற்றுமை உருபு, 'கிஷின்' கோயிலுக்கோ மடத்துக்கோ கொடுக்கும் கொடை. ஆக, அன்றாடக் கொடை. (ஹினோகி என்று ஒரு மரம் உண்டு, அதற்கும் இதற்கும் உறவில்லை.) கிஷின் என்றால் முன்பெல்லாம் நிலம், பொருள், பணம். நம் கல்வெட்டுகளில் வரும் நிவந்தத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். கையில் காசில்லாதவனும் உழைப்பாகவே கொடுக்கலாம் என்று அதை விரித்தது தென்ரிக்யோ.

இந்த மதத்தைத் தொடங்கிய நகயாமா மிகி (1798–1887), இன்றைய நாரா மாகாணத்தில் ஓர் உழவர் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். 1838இல் மகனின் கால்வலிக்காகச் செய்த மந்திரச் சடங்கின்போது கடவுள் அவர்மேல் இறங்கியதாக நம்பிக்கை. அப்புறம் வீட்டுச் சொத்தையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்தே வறுமைக்கு வந்தார். இபுரி இஸோ என்ற தச்சர், மனைவி நோய் தீர்ந்து பிழைத்ததற்கு நன்றியாக ஏதாவது செய்ய வேண்டும் என்று மிகியிடம் வந்து நின்றார். 1864இல் வழிபாட்டிடம் கட்டும் பேச்சு எழுந்தபோது ஒருவர் கூரை ஓடுகளுக்கான செலவை ஏற்றுக்கொண்டார், இஸோ தன் தச்சுவேலையையே கொடுத்தார். ஹினோகிஷினுக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

சரி, சிரமதானத்தில் என்ன தவறு? வடமொழியில் சிரமம் உழைப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தமிழ்க் காதில் சிரமம் என்றால் கஷ்டம், தொந்தரவு. 'உங்களுக்கு ஏன் சிரமம்' என்று சொல்கிற ஆளிடம் சிரமதானம் என்றால் சிரமப்பட்டுக் கொடுப்பது என்றுதான் படும். தென்ரிக்யோவின் இலக்கோ 'யோகி குராஷி', அதாவது களிப்பான வாழ்வு. உடல் கடவுள் இரவலாகத் தந்தது, மனம் மட்டுமே நம்முடையது என்பது அவர்கள் போதனை. இரவல் கொடுத்தவருக்கு மகிழ்ச்சியோடு நன்றி சொல்வதுதான் ஹினோகிஷின், அதன் தலையிலேயே சிரமத்தைக் கொண்டுபோய் வைத்தால் எப்படி?

இன்னொன்று. சிரமதானம் என்றால் ஊர் கூடிக் குளம் தூர்வாருவது, ரோடு போடுவது. மிகி எழுதிய வழிபாட்டுப் பாடல்களில் கூடையில் மண் சுமப்பதும் வருகிறது, உண்மைதான். ஆனால் அதே பாடல்களில் ஒரு வார்த்தை பேசுவதும் ஹினோகிஷின்தான் என்று வருகிறது. படுக்கையில் கிடப்பவர்கூடப் பக்கத்துப் படுக்கைக்காரரிடம் இதமாக இரண்டு வார்த்தை பேசினால் அதுவும் கணக்கில் சேரும். அதைச் சிரமதானம் என்று எவன் சொல்வான்?

'தன்னார்வத் தொண்டு' இன்னும் மோசம். அதில் கடவுளும் இல்லை, நன்றியும் இல்லை. ஆங்கிலத்தைப் பார்த்துப் பெயர்க்கிறவர்களுக்கு எந்த மதத்தின் எந்தச் செயலும் ஒரே மாதிரி 'சேவை'யாகத்தான் தெரிகிறது போலும். கரசேவை வேண்டவே வேண்டாம், அந்தச் சொல் 1992க்குப் பிறகு வேறு பொருளுக்குப் போய்விட்டது. உழவாரப்பணி எனக்குப் பிடித்த சொல், நெருங்கியும் வருகிறது. தென்ரி நகரின் தலைமைக் கோயிலில் அடியார்கள் மண்டியிட்டுத் தாழ்வாரம் துடைப்பதைப் பார்த்தால் அப்பர் நினைவுக்கு வராமல் இருக்காது. ஆனாலும் அது சிவன் கோயிலோடு ஒட்டிய சொல். ஏப்ரல் 29 அன்று 'ஹினோகிஷின் நாள்' என்று பூங்காவிலும் கடற்கரையிலும் குப்பை பொறுக்குகிறவர்களுக்கு அது பொருந்தாது.

என் பரிந்துரை 'நன்றிப்பணி'. 'நாள்' விடுபட்டுப்போகிறது, தெரியும். நாட்பணி என்றால் தினக்கூலி மாதிரி இருக்கிறதே, என்ன செய்ய? முதல் தடவை ஹினோகிஷின் என்றே எழுதிப் பக்கத்தில் நன்றிப்பணி என்று போடுங்கள், பிறகு எது வாய்க்கு வருகிறதோ அதை எழுதுங்கள், சிரமதானத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.