கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாயும் சரணாலயச் சட்டமும்

"கண்மாயைச் சரணாலயம்னு எழுதிப்புட்டா, மாடு தண்ணி குடிக்கவாச்சும் விடுவாகளா?" சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு டீக்கடையில் பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் ஒரே வரியில் சொல்லிவிட முடியாது.

செட்டிநாட்டில் சரணாலயம் என்றதும் நினைவுக்கு வருவது வேட்டங்குடி. திருப்பத்தூரிலிருந்து மதுரை போகிற வழியில் பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்னக் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடி ஆகிய கண்மாய்களைச் சேர்த்து 1977இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். மொத்தமே 38.4 ஹெக்டேர், நூறு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. மழைக்காலத்தில் தண்ணீர் நின்றுவிட்டால் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், வக்கா, பாம்புத்தாரா எல்லாம் வந்து இறங்கும்.

இதற்கெல்லாம் அடிப்படை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். முதலில் மாட்டு விஷயம். சரணாலயத்துக்குள் மேய்ச்சலையும் கால்நடை நடமாட்டத்தையும் ஒழுங்குபடுத்தவோ தடுக்கவோ தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு அதிகாரம் உண்டு. அவர் அனுமதித்திருந்தால் அது குற்றமில்லை. ஊர்க்காரர்கள் குடிக்கவும் வீட்டுக்கும் தண்ணீர் எடுப்பது குற்றமாகாது என்று 2022இல் கொண்டுவந்த திருத்தம் தெளிவாகவே எழுதிவிட்டது. இதை ஐம்பது வருஷம் முன்பே எழுதியிருக்கலாம்.

அப்புறம் பாசனம். புதிதாக ஓர் இடத்தைச் சரணாலயமாக்கும்போது, அங்கே யாருக்கு என்ன உரிமை என்று மாவட்ட ஆட்சியர் விசாரிக்க வேண்டும். அறிவிப்பு வந்த இரண்டு மாதத்துக்குள் உரிமையை எழுத்தில் கோரலாம். தலைமை வன உயிரினக் காப்பாளரைக் கலந்துகொண்டு அந்த உரிமை தொடர ஆட்சியர் அனுமதிக்கலாம். இல்லையென்றால் இழப்பீடு கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். ஆயக்கட்டில், அதாவது கண்மாய்த் தண்ணீர் பாய்கிற பகுதியில், நிலம் வைத்திருப்பவர்கள் பட்டாவையும் பழைய கணக்குகளையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டியது இதற்காகத்தான். வாய்க்கணக்கு விசாரணையில் நிற்காது.

நம் பக்கத்துக்கு மிக முக்கியமானது 29ஆவது பிரிவு. அதைத்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. அனுமதியில்லாமல் சரணாலயத்துக்குள் வருகிற தண்ணீரையோ வெளியே போகிற தண்ணீரையோ திருப்பக் கூடாது, நிறுத்தக் கூடாது, கூட்டவும் கூடாது. மரம் வெட்டுவதற்கும் துப்பாக்கி தூக்குவதற்கும் பயப்படுகிற நாம், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்கால் தூர்ந்துபோவதையும் அதன்மேல் வீடு எழும்புவதையும் குற்றமாகவே நினைப்பதில்லை. கண்மாய்ச் சரணாலயம் என்பது தண்ணீரால் ஆனது. ஒரு மழைக்காலம் வரத்து நின்றால் மரத்தடி காய்ந்துவிடும், கூடு கட்ட வந்த பறவை வேறு கண்மாய் தேடிப் போய்விடும். வனத்துறைக்கு மனு எழுத வேண்டுமானால் முதல் மனு வரத்துக்காலைப் பற்றி இருக்கட்டும் என்பது என் கட்சி.

மீன் விஷயம் கொஞ்சம் கசக்கும். கோடையில் கண்மாய் வற்றும்போது ஊரே ஊத்தாக் கூடையும் கச்சா வலையுமாக இறங்கி மீன்பிடித் திருவிழா நடத்துவது நம் வழக்கம். சரணாலயக் கண்மாயில் அனுமதியில்லாமல் அப்படி இறங்க முடியாது. இந்தச் சட்டப்படி மீனும் வன உயிரினம்தான்.

வேட்டை என்ற சொல்லையும் சட்டம் அகலமாகவே பிடிக்கிறது. சுடுவதும் கண்ணி வைப்பதும் மட்டுமல்ல, முட்டையை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும் வேட்டைதான். சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு சிறை, 7 ஆண்டுவரை போகலாம். அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. வெளியே என்றால் தப்பிக்கலாம் என்றும் இல்லை. ஊரே சேர்ந்து போகிற பாரி வேட்டையில் அடிக்கிற முயல், காட்டுக் கவுதாரி எல்லாமே பாதுகாக்கப்பட்ட பட்டியலில் உள்ளவை. மெஸ்ஸில் தட்டுக்கு வருகிற காடை வேறு. அது பண்ணையில் வளர்கிற ஜப்பானியக் காடை.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: சரணாலயத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்கள் அதை வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும். புது உரிமம் வேண்டுமென்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் ஒப்புதல் தேவை. 5 கிலோமீட்டருக்குள் இருக்கிற கால்நடைகளுக்குத் தடுப்பூசி போடும் பொறுப்பையும் சட்டம் சொல்கிறது. நோய் மாட்டிலிருந்து காட்டு விலங்குக்குப் போகக் கூடாது என்பது கணக்கு.

கண்மாய்க்குள் வெடி, ரசாயனம் எதையும் பயன்படுத்தத் தடை உண்டு. ஆனால் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வீட்டு வாசலில்கூட வெடி போடாமல் இருப்பது சட்டம் கேட்டு அல்ல, அவர்களாக எடுத்த முடிவு. வனத்துறை அவர்களுக்கு இனிப்பு கொண்டுபோய்க் கொடுக்கும். அந்த ஊர்ப் பிள்ளைகள் மத்தாப்பு கொளுத்துகிற நம் பிள்ளைகளைப் பார்த்து என்ன நினைப்பார்களோ தெரியவில்லை.

சரி, நம் ஊர்க் கண்மாயையும் இப்படிச் செய்யலாமா? சரணாலயம் ஒன்றுதான் வழி என்றில்லை. அரசு நிலத்தில், ஊர்மக்களைக் கலந்து பேசி, 'பாதுகாப்புக் காப்பகம்' அறிவிக்க 36அ பிரிவு இடம் தருகிறது. அதன் மேலாண்மைக் குழுவில் ஊராட்சிப் பிரதிநிதிக்கும் இடம் உண்டு. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரில் 2022 செப்டம்பரில் வந்த கடற்பசுக் காப்பகம் இந்த வகைதான். நம் கண்மாய்கள் பெரும்பாலும் அரசு நிலம் என்பதால் இந்த வழி பொருந்தும். கிராம சபையில் தீர்மானம் போட்டு ஆட்சியருக்கும் மாவட்ட வன அலுவலருக்கும் அனுப்புவதிலிருந்து தொடங்கலாம்.

பறவை பார்க்க மட்டும் போகிறவர்களுக்கு: சுற்றுலா, படமெடுப்பது, ஆராய்ச்சி எல்லாவற்றுக்கும் அனுமதிச் சீட்டு தர சட்டத்தில் இடம் இருக்கிறது. பறவைகளைச் சீண்டுவதும் குப்பை போடுவதும் குற்றம். கூட்டிலிருந்து குஞ்சு விழுந்து கிடந்தால் பாவம் பார்த்து வீட்டுக்குத் தூக்கிப் போகாதீர்கள். அங்கே இருக்கிற வனக் காவலரிடம் இடத்தைக் காட்டிவிட்டு வாருங்கள்.