ஓட்டுச்சீட்டின் கடைசிப் பக்கத்து நீதிபதிகள்

ஹூஸ்டனில் வக்கீலாக இருப்பதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நவம்பரில் எனக்குத் தவறாமல் ஒரு போன் வரும். "அண்ணா, ஓட்டுப் போடக் கிளம்பிட்டேன், அந்த ஜட்ஜ் லிஸ்ட்ல யாருக்குப் போடறது?" கேட்பவர் படித்தவர், குடியுரிமை வாங்கிப் பல வருடம் ஆனவர், செனட்டர் யார் என்று நன்றாகவே தெரியும். ஆனால் இங்கே நீதிபதிகளையும் மக்கள்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஹூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் கவுண்டியின் ஓட்டுச்சீட்டில் கீழே போகப் போக நீதிபதி பெயர்கள் டஜன் கணக்கில் வரும், குடும்ப நீதிமன்றம், குற்றவியல், சிவில் என்று. அவர்களில் பாதிப் பேரை எனக்கே தெரியாது, நான் போகும் கோர்ட்டுகள்தான் தெரியும்.

தெரியாதபோது மக்கள் என்ன செய்வார்கள்? பெயருக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் கட்சியைப் பார்ப்பார்கள். டெக்சாஸில் மாவட்ட நீதிபதி முதல் மாநில உச்ச நீதிமன்றம் வரை கட்சிச் சீட்டில்தான் நிற்கிறார்கள். 2018இல் இங்கே ஜனநாயகக் கட்சி அலை அடித்தது, பதவியில் இருந்த குடியரசுக் கட்சி நீதிபதிகள் மொத்தமாக வெளியேறினார்கள். அதில் நல்லவரும் போனார், போக வேண்டியவரும் போனார். அதற்கு முன் அலை எதிர்ப்பக்கம் அடித்தபோதும் கதை இதேதான். கட்சிக்காரராகச் சொல்லவில்லை, பாதியில் நின்ற, குழந்தை யாரிடம் வளர்வது என்ற கஸ்டடி வழக்கைப் புது நீதிபதிக்கு முதலிலிருந்து விளக்கிய வக்கீலாகச் சொல்கிறேன். அந்த மறு விசாரணைக்கான ஃபீஸ் கட்சிக்காரர் பையிலிருந்துதான் போனது. (நம் தொழிலில் 'கட்சிக்காரர்' என்றால் கிளையண்ட், குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

அப்புறம் பணம். நீதிபதியின் பிரசாரத்துக்கு நன்கொடை தருவதில் பெரும்பங்கு எங்களைப் போன்ற வக்கீல்கள்தான், நானும் கொடுத்திருக்கிறேன். உச்சவரம்பு உண்டு, சட்டப்படி தவறில்லை. ஆனாலும் திங்கட்கிழமை அதே நீதிபதி முன்னால் நிற்கும்போது எதிர்த்தரப்பு வக்கீல் எவ்வளவு கொடுத்தாரோ என்ற நினைப்பு வராமல் இருக்காது. இதன் உச்சம் மேற்கு வர்ஜீனியாவில் நடந்தது. 2004இல் ஒரு நிலக்கரி கம்பெனியின் தலைவர், அந்த மாநில உச்ச நீதிமன்றத்துக்கு நின்ற ஒருவரை ஜெயிக்க வைக்க 30 லட்சம் டாலர் செலவழித்தார், ஜெயித்தவர் பிறகு அந்தக் கம்பெனியின் மேல்முறையீட்டிலேயே உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்திருக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2009இல் சொல்ல வேண்டி வந்தது, அதுவும் 5க்கு 4 என்ற கணக்கில்!

சரி, மாற்று? 1940இல் மிசௌரி ஆரம்பித்த முறை ஒன்று இருக்கிறது. ஒரு குழு சில பெயர்களைத் தேர்ந்து தரும், ஆளுநர் அதில் ஒருவரை நியமிப்பார், கொஞ்ச காலம் கழித்து 'இவர் தொடரலாமா, வேண்டாமா' என்று மட்டும் மக்களிடம் கேட்பார்கள். எதிர் வேட்பாளர் கிடையாது, கட்சிப் பெயரும் கிடையாது. எனக்குப் பிடித்த முறைதான், ஆனால் சர்வரோக நிவாரணி என்று சொல்ல மாட்டேன். அயோவாவில் ஒரே பாலினத் திருமணத்தை அனுமதித்த தீர்ப்புக்காக 2010இல் 3 உச்ச நீதிமன்ற நீதிபதிகளை இதே 'வேண்டாம்' ஓட்டில்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். தவிர, பெயர்களைத் தேர்ந்து தரும் அந்தக் குழுவில் யார் உட்காருவது என்பதிலும் அரசியல் உண்டு.

என்னைக் கேட்டால் முதலில் வேண்டியது அரிசோனாவில் செய்வது. அங்கே வக்கீல்கள், ஜூரிகள், சாட்சிகள், வழக்காடிகள் என்று நீதிமன்றத்துக்கு வந்துபோனவர்களிடம் கருத்துக் கேட்டு, இந்த நீதிபதி தரத்துக்கு இருக்கிறாரா இல்லையா என்று தேர்தலுக்கு முன்பே வாக்காளர்களுக்குச் சொல்லிவிடுகிறார்கள். தீர்ப்பு பிடித்ததா என்பது வேறு, நேரத்துக்கு வருகிறாரா, இரு தரப்பையும் பேச விடுகிறாரா என்பது வேறு. இரண்டாவதைத்தான் வாக்காளர் தெரிந்துகொள்ள வழியில்லாமல் இருக்கிறது.

டெக்சாஸ் மாறும்வரை இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். ஹூஸ்டன் வக்கீல் சங்கம் நீதிபதிகளைப் பற்றி உறுப்பினர்களிடம் கருத்துக்கணிப்பு எடுத்து வெளியிடுகிறது, குறைகள் உண்டென்றாலும் புரட்டிப் பாருங்கள். அதைவிட முக்கியம் மார்ச் மாத பிரைமரி, அதாவது ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல். ஒரே கட்சிக்காரர்கள் மோதிக்கொள்ளும் அங்கே கட்சிப் பெயர் உதவாது, ஓட்டுப் போட வருபவர்களும் குறைவு, மோசமான நீதிபதியை மாற்ற நல்ல இடம் அதுதான். அதனால் என்னைக் கேட்பதாக இருந்தால் நவம்பரில் காரிலிருந்து கூப்பிடாதீர்கள், பிப்ரவரியில் கூப்பிடுங்கள்.